பத்தாம் இடம் கொண்ட அருந்ததி

காலி வீதியின் இருமருங்கும் வாழும் பெருங்குடியீர், தொடர்மாடிகளின் ஒன்பதாம் தளத்தில் உடுப்புக் காயப்போடும் உத்தமர்களே, கடலோர ரயிலின் வாசற்கம்பியைப் பற்றித் தொங்கும் தீரர்களே, சற்றே செவிகொடுங்கள். விண்ணதிர் குரலினள், கருந்தோற் சட்டையள், கொழும்பின் ஏப்ரல் புழுக்கத்திலும் அச்சட்டையைக் கழற்ற மறுத்த மனத்திண்மையள், கொள்ளுப்பிட்டியின் காப்புறுதிக் கம்பனியொன்றில் வாகனச் சேதக் கோரிக்கைகளை ஆராயும் அலுவலராய் அமர்ந்து பகலெல்லாம் பிறர் நொறுக்கிய பம்பர்களைப் படத்தில் பார்த்துவிட்டு மாலையில் தன் குரலால் வானத்தை நொறுக்கப் புறப்படும் வெள்ளவத்தை நமசிவாயத்தின் ஒரே மகள் அருந்ததி, ஒரே ஒரு பாட்டைத் தனித்து வெளியிட்டுப் பத்தாம் இடத்துக்காகப் பொருத பெரும்போரை இங்கே சொல்லப் புகுகிறேன். தெஹிவளைக் கலியாண மண்டபமொன்றில் அவள் உச்சத்தைத் தொட்டு நின்றபோது வெளியே நிறுத்தியிருந்த கார்கள் மூன்று தாமாகவே அலறின என்பதும், அவற்றில் ஒன்று மாப்பிள்ளையின் கார் என்பதும் ஊரறிந்த செய்தி.

பதினாறு ஆண்டுகள் அவள் 'உப்புக்காற்று' என்னும் நால்வர் ரொக் படையின் முன்னணியில் நின்றாள். அவளுக்கு இடப்புறம் கிற்றார் ஏந்தி நின்றவன் நுஸ்கி. கொட்டாஞ்சேனையில் மின்விளக்குக் கடை வைத்திருக்கும் மெலிந்த மனிதன், சொற்சிக்கனத்தில் சக்கரவர்த்தி, ஆறு நரம்புகளால் மண்டபத்தை அழவைக்கவும் அடுத்த கணமே ஆடவைக்கவும் வல்லவன், ஆயினும் வயர் விலையைத் தவிர வேறெதைப் பற்றியும் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசியறியாதவன். இவ்விருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே எங்கே நிறுத்துவது, எங்கே மீண்டும் பாய்வது என்று அறிந்திருந்தார்கள். பல தம்பதிகளுக்கு வாய்க்காத பேறு அது.

ஒரு மழைநாள் பிற்பகல், அக்கடையின் பின்னறையில், பல்ப் பெட்டிகள் மலைத்தொடர்போல் அடுக்கியிருக்க, அருந்ததி தான் எழுதிய புதுப்பாட்டின் வரிகளை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறங்கும் சமூகத்தைத் தட்டியெழுப்பும் பாட்டு. 'எழும்பு' என்பதே அதன் பெயர். நுஸ்கி தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுக் கிற்றாரை மடியிலிட்டு ஏழு சுரங்களை வாசித்தான். ஏழே ஏழு. நான்கு படியேறி, ஐந்தாவதில் தயங்கி, ஆறாவதில் திரும்பிப் பார்த்து, ஏழாவதில் குதிப்பது போன்ற ஏழு. அருந்ததி தன் போனில் அதைப் பதிந்துகொண்டாள். அதற்கப்பால் அந்தப் பாட்டு வேறெப்படியும் தொடங்க முடியாததாயிற்று.

ஆனால் காலம் படைகளைக் கலைப்பது. மேளக்காரன் மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்தான். எஞ்சியோருக்குக் கலியாண வீடுகளே கதியாயின. ஒருநாள் ஒத்திகையின் நடுவே நுஸ்கி கிற்றார் வயரைச் சுருட்டியபடி, "ரொக் எல்லாம் இப்ப யாரு கேக்குற. கலியாணத்துக்கு ஆட பைலா தானே கேக்குறாங்க," என்றான். களைப்பில் சொன்ன சொல் அது. அருந்ததியின் காதிலோ அது கோட்டைக் கதவைப் பகைவனுக்குத் திறந்துவிட்டவனின் சொல்லாய் விழுந்தது. அன்றே பிரிந்தாள். தனிப்பாட்டு வெளியிடுவதென்று சூளுரைத்தாள். வாடகைக்கு வேறொரு கிற்றார்க்காரனைப் பிடித்து, போனிலிருந்த ஏழு சுரங்களையும் அவனுக்குக் கேட்கவைத்து, அப்படியே வாசிக்கச் செய்து ஒலிப்பதிவு முடித்தாள். பிறகு அட்டைப்படத்தின் கீழே எழுத வேண்டிய இடம் வந்தது. அங்கே அவள் விரல் ஒருமுறை தயங்கியது என்பதை உண்மையின் பொருட்டுச் சொல்லவேண்டும். தயங்கிய விரல் கோபத்தால் உறுதிபெற்றது. 'சொல், இசை, குரல்: அருந்ததி' என்று எழுதியது.

அட்டைப்படம் நுஸ்கிக்கும் போய்ச்சேர்ந்தது.  அன்றுமுதல் அவன் அவளது அழைப்புகளை எடுப்பதை நிறுத்திக்கொண்டான்.

இவ்வாறாக 'எழும்பு' உலகின்மேல் ஏவப்பட்டது. உலகு உடனே எழும்பிவிடவில்லை. முதல் நாளில் அப்பாட்டை இணையத்தில் கேட்டோர் நூற்று நாற்பத்தொருவர் என்று கணக்குக் காட்டியது. அந்த நூற்று நாற்பத்தொன்றில் முப்பது, அடுத்த அறையில் சாய்வுநாற்காலியில் கண்மூடிக் கிடந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் நமசிவாயம் ஒருவரே என்பது மாலையில் தெரியவந்தது.

"அப்பா, முப்பது தரம் கேட்டனியளோ?"

"ஓம் பிள்ளை. எண்ணிக்கை ஏறுமெல்லே. சத்தம் கொஞ்சம் கூட, அதாலை சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டனான்."

தந்தையின் செவிக்கே எட்டாத அப்பாட்டைத் தரணியின் செவிக்கு எட்டவைக்க ஒரு வழி திறந்தது. கொள்ளுப்பிட்டிக் கடற்கரை ஹோட்டலொன்றின் நிகழ்ச்சி அதிகாரி, கோட்டணிந்த குளிர்சாதன மனிதர், அவளை அழைத்துச் சொன்னார்: "அலைமுரசு எஃப்.எம். முதல் பத்துக்குள்ள ஒருக்கா வரட்டும் மேடம். அப்ப ஒரு முழு ஈவினிங் தாறம். உங்கட பாட்டு மட்டும்."

உங்கட பாட்டு மட்டும். பதினாறு ஆண்டுகளில் அவள் தன் சொந்தப் பாட்டைப் பாடியதெல்லாம் கேக் வெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில்தான். அதிலும் மூன்றாம் நிமிடத்தில் யாராவது ஒரு மாமா மேடைக்கு வந்து, சாப்பாடு தயார் என்று ஒலிவாங்கியை வாங்கிவிடுவார். ஒரு முழு மாலைப்பொழுது, எந்த மாமாவும் குறுக்கிடாத இரண்டு மணிநேரம்: அதற்காக அவள் இமயத்தை முதுகில் சுமந்து வா என்றாலும் வருவாள். இமயத்துக்குப் பதிலாக முதல் பத்தையே கேட்டார்கள்.

பத்தாம் இடம் வெறுமையாய்க் கிடக்கவில்லை. 'மணவறை மல்லிகை' என்னும் பாட்டு, மணப்பெண் மண்டபத்துக்குள் நுழையும்போது போடுவதற்கென்றே பிறந்த பாட்டு, பதினொரு வாரமாய் அங்கே பாளையமிறங்கியிருந்தது. அதற்குமேல் ஏறும் ஆசையும் அதற்கில்லை, இறங்கும் எண்ணமும் இல்லை. வாக்களிப்பதோ வட்ஸ்அப் வழி. ஒரு போன் இலக்கத்துக்கு ஒரு வாக்கு.

அருந்ததி படை திரட்டினாள். முதலாவதாக, விடியலில் மரைன் டிரைவ் ஓரம் நடக்கும் ஓய்வூதியர் அணி, நமசிவாயத்தின் தலைமையில் போன்களை நீட்டியபடி வரிசையில் நின்றது. மூக்குக்கண்ணாடி வீட்டில் மறந்துவந்தோரின் வாக்குகளை மூக்குக்கண்ணாடி கொண்டுவந்தோர் அழுத்திக்கொடுத்தார்கள். இரண்டாவதாக, காப்புறுதிக் கம்பனியின் கன்டீன் படை. அங்கே அவள் தட்டேந்தி நின்றவரையெல்லாம் மறித்து, வாக்குப் பெற்ற பின்னரே பருப்புக் கறிக்கு வழிவிட்டாள். விபத்துக்குள்ளான வானுக்குச் சொந்தக்காரர் ஒருவர், "வோட் போட்டா என்ட கிளெயிம கெதியா முடிப்பீங்களா?" என்று கேட்டபோது மட்டும் அறத்தினின்று வழுவாது, அவரது கோவையை அடுத்த மேசைக்கு மாற்றினாள். அவர் தன் வாக்கை மணவறை மல்லிகைக்கு அளித்துப் பழிதீர்த்துக்கொண்டார். மூன்றாவதாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிதறிக் கிடந்த ஒன்றுவிட்ட சகோதரர் சேனை. வெளிநாட்டு இலக்கங்கள் செல்லாதென்று நான்காம் நாள் அறிவிப்பு வர, கடல்கடந்த அப்பெருஞ்சேனை ஒரே வரியில் மாண்டது.

ஒரே ஒரு வாக்கை அவள் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனை இலக்கம் அவள் போனில் இருந்தது. இரண்டு தரம் அதைத் திறந்தாள், இரண்டு தரமும் மூடினாள்.

ஞாயிறு காலை பத்து மணி. முரசம் முழங்குவதுபோல நிகழ்ச்சியின் தொடக்க இசை முழங்கியது. நமசிவாயம் வானொலியின் முன் கதிரையை இழுத்துப்போட்டார். அருந்ததி நின்றுகொண்டே கேட்டாள், போர்க்களத்தில் யார் உட்கார்ந்தார்கள். அறிவிப்பாளர் ஆரணி என்னும் தேன்குரலாள், "இந்த வாரம் பத்தாம் இடத்துக்குப் புதுப்பாட்டு ஒண்டு வந்திருக்கு, மணவறை மல்லிகையை வெளியில அனுப்பிப்போட்டு," என்றாள். பதினொரு வாரக் கோட்டை பதினொரு சொற்களில் இடிந்தது. "சொல், இசை, குரல், எல்லாமே அருந்ததி. பாட்டு, எழும்பு."

ஏழு சுரங்கள் எழுந்தன. படியேறின, தயங்கின, திரும்பிப் பார்த்தன, குதித்தன. மீண்டும் அதே ஏழு. இனி அருந்ததியின் குரல் வாளுருவிப் பாய வேண்டிய இருபத்திரண்டாம் விநாடி. ஆனால் பத்தாம் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரையுள்ள பாடல்களுக்கு ஆளுக்கு இருபது விநாடி என்பது அந்நிகழ்ச்சியின் விதி. இருபதாம் விநாடியில் பாட்டு அறுபட்டது. ஆரணி ஒன்பதாம் இடத்துக்குப் போய்விட்டாள்.

"நல்லா இருந்தது," என்றார் நமசிவாயம். "சத்தமும் அவ்வளவு இல்லை."

 ஹோட்டல் அதிகாரி அன்றே அழைத்து வாழ்த்துச் சொல்லி, இரண்டு மாதம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். வென்றாள் வீராங்கனை. நகரமெங்கும் ஒலித்த அந்த இருபது விநாடியில் தன் மூச்சுக்கூட இல்லை என்பதை அவள் மட்டும் அறிந்திருந்தாள். அடுத்த ஞாயிறு மணவறை மல்லிகை தன் பாளையத்துக்குத் திரும்பியது. 'எழும்பு' பதினாறாம் இடத்துக்கு விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறு அதை எந்த இடத்திலும் காணவில்லை. ஏறியதும் இறங்கியதும் ஒரே வாரத்தில் முடிந்தன.

முடிந்தன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, காலை ஆறரை மணிக்கு, அவர்களுடைய ஒழுங்கைக்குள், சில நாளாய் அப்பக்கம் வராதிருந்த, பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ நுழைந்தது. நெடுங்காலமாய் ஒரே பழைய மெட்டை மணிபோல் ஒலித்துக்கொண்டு வரும் வண்டி அது. அன்று அதன் கூரைமேலிருந்த ஸ்பீக்கர் வேறொன்றை ஒலித்தது. நான்கு படியேறி, ஐந்தாவதில் தயங்கி, ஆறாவதில் திரும்பிப் பார்த்து, ஏழாவதில் குதித்தது.

அருந்ததி பல்துலக்கும் தூரிகையோடு நான்கு மாடி இறங்கி ஓடினாள். வண்டிக்காரன் சுனில், சிங்களவன், வெள்ளவத்தையில் பாண் விற்றே தமிழ் பழகியவன், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மீன் அடைத்த மாலுபாண் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஏழெட்டுப்பேர்.

"மல்லி, இந்த டியூன் எங்கால எடுத்தது?" என்று சிங்களத் தம்பி முறை கூறிக் கேட்டாள்.

"ரேடியோவில நோனா. பழைய சிப் பழுதாப் போச்சு. அண்டைக்கு ரேடியோவில இது போச்சு, போன்ல பிடிச்சன். ஹரி லஸ்ஸனாய் நே?" அழகாய் இருக்கிறதல்லவா என்று கேட்டுவிட்டு, அவன் இன்னொரு மாலுபாணைக் கடதாசியில் சுற்றினான். "இது போட்ட நாள்ல இருந்து எட்டு மணிக்குள்ள பெட்டி காலி. நித்திரையில இருக்கிற ஆளும் எழும்பி வாறாங்க."

"இதுக்குப் பிறகு பாட்டு ஒண்டு இருக்கு," என்றாள் அருந்ததி. போனை எடுத்து முழுப்பாட்டையும் ஒலிக்கவிட்டாள். இருபத்திரண்டாம் விநாடியில் அவள் குரல் பாய்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. வரிசையில் நின்ற பெண்ணொருத்தி யார் சண்டைபிடிக்கிறார்கள் என்று மேலே பார்த்தாள். சுனில் மரியாதையோடு முழுவதையும் கேட்டான்.

"பாட்டு நல்லம் நோனா," என்றான். "ஆனா பாணுக்குச் சரிவராது."

அதன்பின் நடந்ததை வரலாறு ஒரு வெள்ளப்பெருக்காய்ப் பதியும். சுனிலின் பெட்டி காலியாவதைக் கண்ட மற்ற வண்டிக்காரர்களும் அம்மெட்டைப் போனிலிருந்து போனுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் தெஹிவளை முதல் பம்பலப்பிட்டி வரை, பின் மருதானை, பின் வடகொழும்பு என்று ஏழு சுரங்களும் திசையெட்டும் சென்று வென்றன. டியூசன் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சீழ்க்கையடித்தனர். ஹெவ்லொக் டவுனில் ஒரு குழந்தை 'அம்மா' என்பதற்கு முன் அதை முணுமுணுத்ததாய் ஒரு தகவல். 'பாண் பாட்டு' என்று அதற்கு ஊரே பெயரிட்டது. ஒரு பாட்டால் உண்மையாகவே வணிகம் நடந்ததென்றால் இதுதான் அது. ஆனால் விற்றது பாண்.

அலைமுரசு எஃப்.எம். அருந்ததியை நேர்காணலுக்கு அழைத்தது. கருந்தோற் சட்டை அணிந்து அவள் கலையகத்தினுள் புகுந்தாள். எதிரே ஆரணி, நடுவே ஒலிவாங்கி, கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு. நேரடி ஒலிபரப்பு. ஆரணி சிரித்தபடி முதற்கேள்வியையே அம்பாய்த் தொடுத்தாள்: "சொல்லுங்கோ அருந்ததி, கொழும்பையே எழுப்புற அந்த ஏழு சுரம் உங்களுக்கு எப்பிடி வந்தது?"

பெருவீரர்களுக்கு வாழ்வில் ஒருமுறை வரும் கணம் அருந்ததிக்கு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு வந்தது. ஒருபுறம் பொய், பட்டுக்கம்பளம் விரித்துக் காத்திருந்தது: கடல், அலை, ஒரு தனிமையான மாலை என்று எதையாவது சொன்னால் போதும். மறுபுறம் உண்மை, முள்வேலி. நாடு முழுவதும் கேட்கும் அலைவரிசையில் அவள் ஒலிவாங்கியைத் தன்பக்கம் இழுத்தாள். தெஹிவளையில் கார்களை அலறவைத்த குரல் தணிந்து வந்தது.

"அது நான் போட்டதில்லை," என்றாள். "நுஸ்கி எண்டு எங்கட பாண்டில கிற்றார் வாசிச்சவர் போட்டது. நான் அவற்ற பேரைப் போடேல்லை. கோவத்தில விட்டுட்டன்."

வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்பது நிலத்தில் மூன்று யுகம். ஆரணி வாயைத் திறந்தாள், மூடினாள், தேங்காயெண்ணெய் விளம்பரத்தை ஒலிக்கவிட்டாள்.

வெளியே வந்ததும் ஹோட்டல் அதிகாரியின் அழைப்பு. "மேடம், அப்ப அந்தக் கிற்றார்க்காரர் இல்லாம எப்பிடி? சனம் அந்தத் துண்டுக்குத்தானே வரும். அவர் வருவாரா?"

"தெரியாது," என்றாள் அருந்ததி. "கேக்க வேற விசயம் இருக்கு. முதல்ல அதைக் கேட்டுட்டுச் சொல்லுறன்."

இரண்டு பஸ் மாறி அவள் கொட்டாஞ்சேனைக்குப் போன பயணத்தை, நெரிசலிலும் சட்டையைக் கழற்றாத அந்தப் பெரும்பயணத்தை, விரித்துரைக்க நாவில்லை. கடை வாசலில் நுஸ்கியின் மனைவி மர்லியா கல்லாவில் இருந்தாள். அருந்ததியைக் கண்டதும் அவள் முகம் ஒருகணம் இறுகியது, பிறகு, "உள்ளுக்கு ஈக்கிறாரு. போங்க," என்றாள்.

நுஸ்கி ஏணியின் நான்காம் படியில் நின்று மேல்தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இறங்கவில்லை.

"ரேடியோ கேட்டனீரோ?" என்றாள் அருந்ததி.

"இல்ல. பகல் முழுக்க ஒரு வீட்டுல வயரிங். இப்பத்தான் வந்த."

நாடே கேட்ட பெரும்பிரகடனம் கேட்க வேண்டிய ஒருவனின் காதில் விழவில்லை. இனி அதை ஒலிவாங்கி இல்லாமல், சிவப்பு விளக்கு இல்லாமல், ஏணியில் நிற்கும் ஒருவனின் முழங்காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது கலையகத்தில் சொன்னதைவிடப் பத்து மடங்கு கடினமாயிருந்தது.

"உம்மட பேரைப் போடாம விட்டது பிழை. உமக்குச் செய்யக்கூடாததைச் செய்துட்டன். இண்டைக்கு ரேடியோவில சொன்னனான். இப்ப உமக்கும் சொல்லுறன்."

நுஸ்கி ஒரு பெட்டியைத் தள்ளி நேராக்கினான். இன்னொன்றை நேராக்கினான்.

"எங்கட ரோட்டுக்கும் பாண் வண்டி வருது," என்றான் கடைசியில். "காலையில அத கேக்கக்குள்ள எல்லாம் கடுப்பா ஈந்திச்சு. மர்லியா அந்த ஆள்கிட்ட பாண் வாங்குறதயே விட்டுட்டா." இறங்கி வந்தான். "பேரு போடாததுக்கு மட்டுமில்ல. நாலாவது நோட்ட உங்கட ஆளு பிழையா வாசிச்சிருக்கான். இப்ப ஊரே பிழையா பாடுது."

"பிழையோ?"

"அரை சுரம் கூட."

"எனக்குத் தெரியேல்லை."

"தெரியாது தானே. நான் வாசிச்சிருந்தா தெரியத் தேவையில்ல." ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்தான். "கச்சேரிக்கு வாசிக்க கேக்கவா வந்தீங்க?"

அருந்ததி வாய் திறந்தாள். "இல்லை," என்றாள். பிறகு, "ஓம். ஆனா முதல்ல மற்றதுக்கு."

அவன் அவளைப் பார்த்தான். பதினாறு ஆண்டு இடப்புறம் நின்றவன் இப்போதுதான் நேரெதிரே நின்று பார்ப்பதுபோல இருந்தது அது. "பேர மாத்துங்க. மாத்தினதுக்குப் பொறகு கதைப்பம்," என்றான்.

அங்கேயே, பல்ப் பெட்டிமேல் உட்கார்ந்து, அவள் போனில் திருத்தினாள். 'சொல், குரல்: அருந்ததி. இசை: நுஸ்கி, அருந்ததி' என்று எழுதிக் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தன் பெயருக்குப் பின்னாலிருந்த அவள் பெயரை நீக்கச் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்துத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, நரம்புகளை முறுக்கிச் சரிபார்த்தான். அப்போது, ஐயன்மீர், ஊர் முழுதும் பிழையாய் ஓதிய அம்மந்திரம் தன் பிறந்த வீட்டில், தன்னைப் பெற்றவனின் விரல்களில், மீண்டும் சரியாய் எழுந்தது. நான்காவது சுரம் தன் இடத்தில் வந்து அமர்ந்தபோது கல்லாவிலிருந்த மர்லியா பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வீதியில் போன முச்சக்கரவண்டிகளின் இரைச்சலும் அந்தோனியார் கோயில் மணியும் ஒதுங்கி வழிவிட, அருந்ததி நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, கொழும்பின் மேற்குக் கடல் பின்வாங்கும் வண்ணம், இருபத்திரண்டாம் விநாடியில் தன் முதற் சொல்லைப் பாடுதற்கு வாயைத் திறந்தாள்.

அந்நேரம் ஒருவர் கடைக்குள் வந்து, டியூப்லைட் ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்று கேட்டார்.